நுழைவுச் சீட்டும் ஒரு சாண் வயிறும்

உணவுத் திருவிழாக்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்டரிங், ஸ்டால் நிர்வாகம், உணவுப் பாதுகாப்பு ஆகியவற்றில் பழக்கப்பட்டவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கே: உள்ளே நுழைய ஒரு டிக்கெட். நுழைந்த பிறகு ஒவ்வொரு பிளேட்டுக்கும் தனியாகக் காசு. இப்படி நடக்கும் உணவுத் திருவிழாவுக்குப் போவது கொடுக்கிற பணத்துக்குத் தகுமா?

ப: நுழைவுக் கட்டணத்தில் சாப்பாட்டுக்குப் போவது அநேகமாக ஒன்றுமில்லை. மைதான வாடகை, பந்தல், ஜெனரேட்டர், தண்ணீர், கழிப்பறை, குப்பை அள்ளும் ஆட்கள், காவலாட்கள், மேடைக் கச்சேரி எல்லாம் அதில்தான் நடக்கிறது. கச்சேரியில் உங்களுக்கு ஆர்வமே இல்லையென்றால், டிக்கெட்டில் ஒரு பங்கு அப்போதே போய்விட்டது.

அடுத்து, '60 ஸ்டால்கள், 300 வகைகள்' என்று விளம்பரத்தில் இருப்பதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். உங்களைக் கட்டுப்படுத்துவது இரண்டுதான்: வயிறும் வரிசையும்.

முதலில் வயிறு. நல்ல பசியில் ஒரு வேளைக்குத் தண்ணீரோடு சேர்த்து முக்கால் கிலோ உள்ளே போனாலே பலருக்குப் போதும் என்றாகிவிடும். திருவிழாவில் தரும் ருசி பார்க்கும் அளவு பெரும்பாலும் 80 முதல் 100 கிராம். ஆக ஏழெட்டுப் பிளேட்டோடு ஆட்டம் முடிந்தது.

பிறகு வரிசை. ஒரு பிளேட்டை நிரப்பி, டோக்கன் வாங்கி, கையில் கொடுக்க 40 விநாடி ஆகிறது என்று வையுங்கள். அது நன்றாக ஓடும் ஸ்டால்தான். உங்களுக்கு முன்னால் 25 பிளேட் போக வேண்டியிருந்தால் 1,000 விநாடி, அதாவது 17 நிமிடம். சாப்பிட ஐந்து நிமிடம், அடுத்த ஸ்டாலைத் தேடிப் போக ஐந்து நிமிடம். ஒரு ஸ்டாலுக்கு 27 நிமிடம் என்றால் மூன்று மணி நேரத்தில் ஆறு ஸ்டாலைத்தான் முடிக்க முடியும். மீதி 54 ஸ்டால்கள் வேடிக்கை பார்க்க.

இப்போது டிக்கெட்டை அந்த ஆறால் வகுத்துப் பாருங்கள். டிக்கெட் விலை மூன்று பிளேட் விலைக்குச் சமம் என்றால், நீங்கள் சாப்பிடும் ஒவ்வொரு பிளேட்டும் உண்மையில் ஒன்றரைப் பங்கு விலை. அதே பண்டம் அதே கடையில் வருடம் முழுக்கக் கிடைக்கிறதென்றால், நாற்காலியில் உட்கார்ந்து, சூடாக, முழு அளவில் அங்கேயே சாப்பிடலாம். பெரும்பாலான பொதுவான திருவிழாக்கள் இந்தக் கணக்கில் தேறாது என்பதுதான் எங்கள் அபிப்பிராயம்.

தேறுகிறவையும் உண்டு. ஒரே பொருளைச் சுற்றி நடப்பவை, செய்கிறவரே தொலைவிலிருந்து வந்து அடுப்பில் நிற்பவை, வேறெங்கும் விற்பனைக்கு வராத சரக்கு வைப்பவை, செய்முறை விளக்கத்தில் கிட்டே போய்க் கேள்வி கேட்க விடுபவை. அங்கே கொடுக்கும் காசு சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை. ஸ்டால் பட்டியலை முன்கூட்டியே வெளியிடாத திருவிழாவுக்கு முன்பதிவு செய்ய வேண்டாம்.

கே: கூட்டம் எப்படி இருக்கும் என்று முன்பே கணிக்க வழி உண்டா?

ப: உண்டு. இரண்டே எண்கள் வேண்டும்: ஒரு வேளைக்கு எத்தனை டிக்கெட் விற்கிறார்கள், சாப்பாடு கொடுக்கும் கவுன்ட்டர்கள் எத்தனை.

3,000 டிக்கெட், 40 கவுன்ட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிளேட்டுக்கு 40 விநாடி என்றால் ஒரு கவுன்ட்டர் மணிக்கு 90 பிளேட் கொடுக்கும். நாற்பதும் சேர்ந்து 3,600. தலைக்கு மணிக்கு 1.2 பிளேட்! நான்கு மணி நேரம் நின்றாலும் சராசரியாக ஐந்து பிளேட்கூட வராது. அதுவும் எல்லாக் கவுன்ட்டரும் ஒரு விநாடி ஓயாமல் ஓடினால். நடைமுறையில் பத்து ஸ்டாலில் கூட்டம் அலைமோதும், பத்து ஸ்டாலில் ஈ ஓட்டுவார்கள்.

டிக்கெட் எண்ணிக்கையை அமைப்பாளரிடம் கேட்டால் சிலர் சொல்வார்கள், சிலர் மழுப்புவார்கள். மழுப்புவதும் ஒரு பதில்தான். ஒரு கவுன்ட்டருக்கு 40 பேருக்கு மேல் வந்தால் பசியோடு போகாதீர்கள்.

கே: நாங்கள் நான்கு பேர் உள்ள குடும்பம். அதிக வகைகளை ருசி பார்க்க என்ன செய்யலாம்?

ப: நால்வரும் ஒரே வரிசையில் நிற்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. இருவர் இருவராகப் பிரிந்து இரண்டு வரிசையில் நில்லுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு பிளேட் மட்டும் வாங்கி, நான்கு பேரும் பங்கிட்டுச் சாப்பிடுங்கள். ஆளுக்கு அரைப் பிளேட்தான் வயிற்றுக்குள் போகும். அதே மூன்று மணி நேரத்தில் ஆறுக்குப் பதில் பன்னிரண்டு வகை.

சந்திக்கும் இடத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் செல்போன் சிக்னல் படுத்துவிடும். 'எங்கே இருக்கே' என்று தேடுவதற்குள் சூடு ஆறிவிடும். கையில் ஒரு கத்தரிக்கோலோ சின்னக் கத்தியோ இருந்தால் பங்கிட வசதி என்று தோன்றும். வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டு உறுதியான கரண்டியும், ஈரத் துணியும், காலித் தண்ணீர் பாட்டிலும் போதும். வெளித் தண்ணீரை அனுமதிக்காத இடங்களில்கூடக் காலி பாட்டிலை விடுவதுண்டு.

கே: 'அன்லிமிடெட்' டிக்கெட் வாங்கினேன். ஐந்தாவது பண்டத்திலேயே முடியவில்லை. காசு வீணாகிறதே என்று மேலும் திணித்து, மறுநாள் முழுக்க அவதி. போட்ட காசை எடுப்பது எப்படி?

ப: போட்ட காசு போட்டதுதான். திணிப்பதால் அது திரும்பி வராது. இந்த மனப்போக்கை 1985-ல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் நாடகக் கொட்டகையில் சோதித்துப் பார்த்தார்கள். சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் தள்ளுபடி கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள்தான் சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகமாக இருந்தால் பரவாயில்லை, தூங்கிவிட்டு வரலாம். சாப்பாட்டில் அந்த விளையாட்டு செல்லாது.

ஐந்தாவது பண்டத்தில் ஏன் முடியாமல் போகிறது என்பதைப் பாருங்கள். 1981-ல் பார்பரா ரோல்ஸும் அவருடைய சகாக்களும் காட்டியது இது: ஒரு பண்டத்தைச் சாப்பிட்டதும் அதன் மீதான ஆசை சில நிமிடங்களிலேயே குறைகிறது, சாப்பிடாத மற்றவற்றின் மீது அவ்வளவு குறைவதில்லை. விருந்து முடிந்து 'ஒரு வாய்கூட முடியாது' என்றவர் ஐஸ்கிரீமைப் பார்த்ததும் கை நீட்டுவது இதனால்தான். நீங்கள் பொரித்ததற்குப் பின் பொரித்தது, அதன் பின் இன்னொரு பொரித்தது என்று போயிருப்பீர்கள். வகை மாறியது, ருசியின் குணம் மாறவில்லை.

வரிசையை இப்படி மாற்றிப் பாருங்கள். முதலில் புளிப்போ காரமோ உள்ள, தண்ணீர்ப் பதமான சின்ன அளவுகள். பிறகு சுட்டது, ஆவியில் வெந்தது. பொரித்தது ஒன்றே ஒன்று, நடுவில். இனிப்புக்கு முன் பதினைந்து நிமிடம் நடை. வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குத் தெளிவாக எட்டச் சுமார் 20 நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த மூன்று பிளேட்டை முடித்துவிட்டால் அவதிதான்.

நுழைந்ததும் இடது வலது பார்த்தால், வாசலை ஒட்டி இருப்பவை பெரும்பாலும் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, சோடா. அமைப்பாளருக்கு மலிவானவையும் உங்கள் வயிற்றைச் சீக்கிரம் அடைப்பவையும் அவைதான். முதல் சுற்றில் எதையும் வாங்காமல் கடைசி வரை நடந்துவிட்டு வாருங்கள். காலையிலிருந்து பட்டினி கிடந்து போவதும் உதவாது. காய்ந்து கிடந்த வயிற்றோடு போகிறவர் முதல் ஸ்டாலிலேயே நான்கு வாயில் நிறைத்துக்கொண்டு விடுவார். மூன்று மணி நேரம் முன்பு லேசாக ஏதாவது சாப்பிடுங்கள்.

இருக்கிற டிக்கெட் வகைகளிலேயே அன்லிமிடெட்தான் எங்களுக்குப் பிடிக்காதது. தட்டுக்குக் காசு இல்லாதபோது ஸ்டால்காரருக்கும் நன்றாகக் கொடுக்க வேண்டும் என்ற அக்கறை குறைந்துவிடுகிறது.

கே: விஐபி டிக்கெட் இரண்டு மடங்கு விலை. வாங்கலாமா?

ப: அதில் என்ன அடங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் முன்னதாக உள்ளே விடுகிறார்கள் என்றால் யோசிக்கலாம். தனி சோபா, தனி நுழைவாயில், கழுத்தில் அட்டை மட்டும் என்றால் வேண்டாம். வாசல் வரிசை பத்து நிமிடம், உள்ளே இருக்கும் வரிசைகள் சேர்ந்து இரண்டு மணி நேரம். ஸ்டால்களில் தனி வரிசை உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதல் மணி நேரத்துக்கு ஏன் மதிப்பு? பொரிக்கும் ஸ்டால் ஒன்றைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது ஒரு கை சரக்கைப் போட்டால், சட்டென்று நுரை பொங்கிச் சடசடவென்று கத்தும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வேகமாக வெளியேறுவதால் எண்ணெய் உள்ளே நுழைய வழியில்லை. மேல்தோல் உடனே இறுகிவிடும். மாலை ஏழு மணிக்கு வரிசை நீண்டதும் மாஸ்டர் ஒரு கைக்குப் பதில் மூன்று கை போடுகிறார். எண்ணெய் 150-க்குக் கீழே இறங்குகிறது. சத்தம் அடங்கி மந்தமான கொதிப்பு மட்டும் தெரிகிறது. அது மீண்டும் சூடேறுமுன் அடுத்த ஈடு விழுகிறது. மேல்தோல் இறுகாத சரக்கு எண்ணெயில் ஊறி, உங்கள் கைக்கு வரும்போது காகிதம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். ஆளும் அதே, சரக்கும் அதே. சூடுதான் குறைந்தது.

ஒவ்வொரு ஈட்டுக்கும் இடையில் அரை நிமிடம் சும்மா நிற்கிற மாஸ்டர் சோம்பேறி இல்லை, எண்ணெய்க்காகக் காத்திருக்கிறார். அந்த வரிசையில் நில்லுங்கள். சரக்கை எடுத்த பிறகும் மேலே நுரை அடங்காமல் நின்றாலோ, கறுத்துப் புகைந்தாலோ அந்த எண்ணெய் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசி ஒரு மணி நேரத்தில் சிலர் விலையைக் குறைப்பார்கள். பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும், மீதி காலையிலிருந்து சட்டியில் கிடக்கும்.

கே: டோக்கனில் எப்போதும் கொஞ்சம் மிஞ்சிவிடுகிறது. இது திட்டமிட்டுச் செய்வதா?

ப: பத்துப் பத்தாக மட்டும் டோக்கன் விற்று, பண்டங்களுக்கு 4, 7 என்று விலை வைத்தால் என்ன ஆகும்? 4 + 4 போக 2 மிஞ்சும். 7 வாங்கினால் 3. மிஞ்சுவதை வைத்து உருப்படியாக ஒன்றும் வாங்க முடியாது, இன்னொரு பத்து வாங்கத் தூண்டும். நோக்கம் எதுவானாலும் லாபம் யாருக்கு என்பது தெளிவு.

கையில் கட்டும் பட்டையில் பணம் ஏற்றுவதும் இதே கதைதான். வாங்குமுன் மூன்று கேள்விகள்: மீதி திரும்புமா, எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும், அதற்குக் கழிவு உண்டா? முதல் தடவை இரண்டு பிளேட் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். பட்டையிலுள்ள எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள், தொலைந்தால் உதவும்.

கே: பெரிய சட்டிகளில் மணிக்கணக்காக வைத்திருக்கிறார்களே, சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதா? என்ன பார்த்து வாங்க வேண்டும்?

ப: விதி எளிது. சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேல், குளிர்ச்சியாக இருக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழ். இடையில் கிடந்தால் கிருமி வேகமாகப் பெருகும். கெடக்கூடிய சமைத்த உணவை வெளியே வைக்க இரண்டு மணி நேரமே வரம்பு. வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்.

உங்களிடம் தெர்மாமீட்டர் இருக்காது. கண்ணால் பார்க்க வேண்டியவை இவை. சூட்டுச் சட்டியின் அடியில் தண்ணீர்த் தட்டு இருக்கும், அதிலிருந்து ஆவி வர வேண்டும். அடுப்பு அணைந்திருந்தாலோ தண்ணீர் வற்றியிருந்தாலோ மேலே இருப்பது சும்மா ஆறிக்கொண்டிருக்கிறது. மூடி திறந்தே கிடக்கிறதா என்றும் பாருங்கள். இந்தச் சட்டிகள் சூட்டைக் காப்பாற்றத்தான், ஆறியதைச் சூடாக்க அவற்றுக்குத் திராணி கிடையாது. பாதி காலியான சட்டியில் புதிதாகக் கொண்டுவந்ததைக் கொட்டிக் கிளறுகிறார்களா? பழையதும் புதியதும் கலந்துவிட்டது, நகருங்கள். சட்டியையே மாற்றுகிறவர்கள் வேலை தெரிந்தவர்கள்.

குளிர் உணவுக்கு ஐஸ் அடியில் மட்டும் இருந்தால் போதாது, பாத்திரத்தில் உணவு நிற்கும் மட்டம் வரை சுற்றிலும் இருக்க வேண்டும்.

சோற்றில் தனிக் கவனம் வேண்டும். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போது சாவதில்லை. ஆறிய சோற்றில் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சை உருவாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் குமட்டல் தொடங்குமென்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 'திரும்பச் சுடவைத்துத்தான் கொடுத்தார்கள்' என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

கையுறை போட்டிருக்கிறார்களே என்று நிம்மதி அடையாதீர்கள். அதே கையுறையோடு காசு வாங்கினால் வெறுங்கையும் அதுவும் ஒன்றுதான். காசுக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர் இருக்கும் ஸ்டாலைத் தேடுங்கள். ஸ்டாலுக்குப் பின்னால் குழாயோ, திருகு வைத்த தண்ணீர் டிரம்மும் சோப்பும் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தருவதையும், ஐஸ் போட்ட பானங்களையும் தவிர்த்து, கண்ணெதிரே அடுப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதை மட்டும் வாங்குங்கள்.

கே: மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. அழைத்துப் போகலாமா?

ப: கடுமையான ஒவ்வாமை என்றால் வேண்டாம். ஒரே எண்ணெய், ஒரே கரண்டி, ஒரே வெட்டுப்பலகை. 'இதில் கடலை இல்லை' என்று சொல்பவர் பொய் சொல்லாவிட்டாலும், அவர் அன்று ஒரு நாளுக்கு வந்த கூலியாளாக இருக்கலாம், மசாலாவில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதே தெரியாது. லேசானது என்றால், ஒரே ஒரு பண்டம் மட்டும் செய்யும் ஸ்டாலைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து பையில் இருக்கட்டும், வண்டியில் இல்லை.

கே: மழை பெய்து பாதியிலேயே மூடிவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

ப: டிக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தில்தான் விடை. முழுதாக ரத்தானால் தருவதாகவும், 'ஒரு பகுதி நடந்துவிட்டால்' இல்லை என்றும் இருப்பதைப் பார்க்கலாம். 'நிகழ்ச்சிகள் மாறுதலுக்கு உட்பட்டவை' என்ற வரி இருந்தால், விளம்பரத்தில் படம் போட்ட சமையற்கலைஞர் வராவிட்டாலும் கேட்க முடியாமல் போகலாம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் ஆட்சேபம் எழுப்ப வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். ரொக்கத்துக்கு அந்த வழியும் இல்லை.

கே: வீட்டிலிருந்தே சமைத்து விற்கிறேன். உணவுத் திருவிழாவில் ஸ்டால் போட அழைக்கிறார்கள். லாபம் வருமா?

ப: இதைப் படித்தால் பிளேட்டுகள் ஏன் சின்னதாக இருக்கின்றன என்பது வாசகர்களுக்கும் புரியும்.

ஒரு பிளேட்டை 100-க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். மூலப்பொருள் 30. பிளேட், கேஸ், வண்டி 10. அமைப்பாளரின் கமிஷன் 20. கையில் நிற்பது 40. ஸ்டால் வாடகை, ஆள் கூலி, அனுமதிக் கட்டணம் ஆகியவை விற்றாலும் விற்காவிட்டாலும் போகிற செலவு. அது மொத்தம் 24,000 என்றால், 24,000-ஐ 40-ஆல் வகுத்தால் 600. அறுநூறு பிளேட் விற்றால்தான் கையைக் கடிக்காது. லாபம் 601-வது பிளேட்டிலிருந்து.

ஒரு கவுன்ட்டரில் மணிக்கு 90 என்று முன்பே பார்த்தோம். ஆறு மணி நேரம் மூச்சு விடாமல் கொடுத்தாலும் 540. வரிசை தெருமுனை வரை நிற்கும், நீங்கள் நஷ்டத்தில் இருப்பீர்கள்! ஆறு மணி நேரத்தில் உண்மையான கூட்டம் மூன்று மணி நேரம்தான் என்றால் இன்னும் மோசம்.

தப்பிக்க ஒரே வழி விநாடிகளைக் குறைப்பது. 40-ஐ 30 ஆக்கினால் மணிக்கு 120, ஆறு மணி நேரத்தில் 720. அதற்கு இரண்டு பண்டத்துக்கு மேல் வைக்காதீர்கள். 'காரம் கம்மியா, வெங்காயம் வேண்டாம்' என்று கேட்க இடமில்லாத பண்டமாக இருக்கட்டும். கடைசிக் கட்ட வேலை ஒரே அசைவில் முடிய வேண்டும்: அள்ளு, வை, கொடு. காசு வாங்க ஒருவர், நிரப்ப ஒருவர், பின்னால் சமைக்க ஒருவர். வீட்டிலேயே கடிகாரம் வைத்து ஐம்பது பிளேட்டை ஒத்திகை பார்த்து, எங்கே தட்டுகிறது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் மேலே தூவும் அலங்காரத்தில்தான் தட்டும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: கமிஷன் மொத்த விற்பனையில் கணக்கிடப்படுகிறதா, டோக்கன் பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், உங்கள் பண்டத்தையே இன்னொரு ஸ்டாலுக்கும் அனுமதிப்பார்களா, எத்தனை வாட் மின்சாரம் தருவார்கள். கடைசியாகச் சொன்னதில்தான் புதியவர்கள் மாட்டுவார்கள். 2,000 வாட் அடுப்பு இரண்டைக் கொண்டுபோய், 3,000 வாட் இணைப்பில் செருகினால் கூட்டம் சேர்ந்த நேரத்தில் ஸ்டால் இருண்டுவிடும். கையெழுத்துப் போடுமுன் உங்கள் சாதனங்களின் அடியில் ஒட்டியிருக்கும் வாட் எண்களைக் கூட்டிப் பாருங்கள்.